வன்னியில் வெள்ளை என்ன நிறம்?

1918ஆம் ஆண்டில் கசிமிர் மாலெவிச் வெள்ளைப் பரப்பொன்றின்மேல் சற்றே சாய்ந்த இன்னொரு வெள்ளைச் சதுரத்தை வரைந்தார். அவருக்கு அந்த வெள்ளை எல்லையற்ற வெளி. பூமியின் பாரத்திலிருந்து விடுபட்ட நிறம். அதன்பின் ஒரு நூற்றாண்டாக, ஓவியத்தில் எதையும் தீட்டாமல் விட்ட இடத்தைத் தூய்மை என்றும் மௌனம் என்றும் வாசிப்பது உலக வழக்கமாகிவிட்டது. அந்த வாசிப்பு இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்குள் வந்தால் முதல் அடியிலேயே இடறுகிறது. செத்த வீட்டுப் பந்தலில் கட்டுவது வெள்ளை. 2009இல் செட்டிகுளத்துக் காட்டை வெட்டி அமைத்த மெனிக் பாம் முகாமில் வரிசை வரிசையாக நின்ற கூடாரங்கள் வெள்ளை. ஆளைத் தூக்கிப் போன வான் வெள்ளை. போரின் கடைசி மணித்தியாலங்களில் உயிரை நம்பி ஏந்திய கொடி வெள்ளை. ஆனையிறவு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் உப்பும், கோயில் மதிலில் காவிப் பட்டைகளுக்கிடையே தெரியும் சுண்ணாம்பும் வெள்ளைதான். ஒரு நிறத்துக்குள் இத்தனை பேர் குடியிருக்கும் நிலத்தில், ஓவியர் ஒருவர் தாளின் வெள்ளையை வெள்ளையாகவே விட்டுவைத்தால் அதற்கு என்ன பொருள்? கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் வடக்கின் தமிழ் ஓவியர்கள் சிலர் போரையும் இடப்பெயர்வையும் வரையும்போது நிறத்தைக் குறைத்தார்கள். கோட்டை இன்னும் குறைத்தார்கள். இதை மேற்கின் பாணி என்று ஒதுக்குவோர் உண்டு, பேசவேண்டிய இடத்தில் வாய்மூடிய செயல் என்று கண்டிப்போர் உண்டு, நுண்மையின் உச்சம் என்று கண்ணை மூடிப் பாராட்டுவோரும் உண்டு. மூன்று தரப்பும் தாளையே பார்க்கின்றன. தாளுக்கு முன்னால் நிற்கும் ஆளைப் பார்ப்பதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். குறைத்து வரைவதன் பெறுமதி எவ்வளவு குறைக்கப்பட்டது என்பதில் இல்லை. விட்ட இடத்தை யார் நிரப்பும்படி விட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். இல்லாமையால் குறைவதும் தெரிந்தே குறைப்பதும் ஒன்றல்ல. 1990இல் யாழ்ப்பாணத்தின்மீது விழுந்த பொருளாதாரத் தடையும், 1995க்குப் பின் வன்னியை இறுக்கிய தடையும், சீமெந்து, எரிபொருள், பற்றரி தொடங்கி எத்தனையோ பொருள்களை நாளாந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட்டன. பத்திரிகைகள் பாடசாலைக் கொப்பிக்குரிய கோடுபோட்ட தாளில் அச்சாகின. சிறுசஞ்சிகைகளின் அட்டை ஒற்றை நிறத்தில் வந்தது. அந்தக் காலத்துச் சித்திரங்களில் கறுப்பு மையும் வெறுந்தாளும் மட்டும் இருப்பதைக் கண்டு ‘சிக்கனக் கலை’ என்று பேர் சூட்டுவது, பட்டினி கிடந்தவரை விரதம் இருந்தார் என்று சொல்வதைப் போன்றது. ஆனால் அந்த இல்லாமைக்குள்ளேயே ஒரு பயிற்சியும் நடந்தது. ஓவியர் அ. மாற்கு (1933–2000) இதற்கு முதன்மையான சான்று. தாயும் பிள்ளையும், பெண் முகங்கள் என்று அவர் திரும்பத் திரும்ப எடுத்த பொருள்கள் பழையவை. அவற்றை எத்தனை கோட்டில் முடிக்கலாம், எந்தக் கோட்டை எடுத்தாலும் முகம் முகமாகவே நிற்குமா என்ற தேடல்தான் புதியது. அவரைப் பற்றி 1987இல் வெளிவந்த தொகுப்புக்குத் ‘தேடலும் படைப்புலகமும்’ என்று பெயர் வைத்தவர்கள் சரியான சொல்லைப் பிடித்தார்கள். தடைக்காலம் தொடங்குமுன்பே அந்தத் தேடல் தொடங்கிவிட்டது. ஆகவே தட்டுப்பாடு இந்தக் கலையைப் பிறப்பித்தது என்று சொல்லமுடியாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த தேடலை அது நெருக்கியது, அவ்வளவுதான். மாற்குவிடம் பயின்றவர்களும் அவரைப் பார்த்து வளர்ந்தவர்களும் பின்னாளில் வண்ணம் தாராளமாகக் கிடைத்தபோதும் ஏன் அதை அள்ளிப் பூசவில்லை என்ற கேள்விக்கு, தட்டுப்பாடு என்ற விடை போதாது.

மீதி விடையை வன்னியில் நிறங்களுக்கு நேர்ந்த கதியில் தேடவேண்டும். நிறம் யாருக்கும் சொந்தமில்லாதது, ஓவியர் விரும்பியதை எடுத்துத் தீட்டலாம் என்பது அமைதியான ஊர்களின் நம்பிக்கை. வன்னியில் ஒவ்வொரு நிறத்துக்கும் உடைமைக்காரர் இருந்தார்கள். பச்சை என்றால் முதலில் வயல்தான் நினைவுக்கு வரவேண்டும். இரணைமடுக் குளத்து நீர் பாயும் நெல் வயல்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ஒரு தலைமுறைக்குப் பச்சை சீருடையின் நிறம், காவலரணின் நிறம். சிவப்பு செம்மண்ணின் நிறமாயிருந்தது. பிறகு மண்டையோடு வரைந்து ‘மிதிவெடி’ என்று எச்சரித்த பலகையின் நிறமானது. சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அது விடுதலைப் புலிகளின் கொடி என்று ஒரு தரப்பும் குற்றம் என்று மறு தரப்பும் படித்தன. போர் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்பும் நினைவுநாள்களில் கட்டிய சிவப்பு மஞ்சள் கொடிகளைப் பொலிசார் கழற்றச் சொன்ன செய்திகள் வந்துகொண்டிருந்தன. நீலம் வானத்துக்கும் நந்திக்கடலுக்கும் உரியது போக, கூரை போன வீடுகளை மூடிய தறப்பாளுக்கும் உரியதானது. தெற்கிலும் இதை உணர்ந்த ஓவியர் இருந்தார். சந்திரகுப்த தேனுவர 1997இல் தொடங்கிய பீப்பாய்ச் சித்திரங்களில், கொழும்புச் சோதனைச்சாவடிகளில் நிறுத்தியிருந்த எண்ணெய்ப் பீப்பாய்களின் மறைப்பு வண்ணத்தையே கலையின் வண்ணமாக எடுத்தார். நகரம் பழகிப்போன ஒரு நிறக்கலவையைக் கண்முன் தூக்கிவைத்தார். கொழும்பில் அது அதிர்ச்சி தந்தது, ஏனென்றால் அங்கே அந்த நிறம் அழகான தெருவுக்குள் புகுந்த அந்நியம். வன்னியில் அதையே தீட்டியிருந்தால் வேறொன்றும் நேர்ந்திராது. இருந்ததுதான் இன்னும் ஒருமுறை இருந்திருக்கும். உடைமையாகிப்போன நிறத்தை எடுத்துத் தீட்டும் ஓவியர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்த உடைமைக்காரரின் கூற்றையே சொல்லுகிறார். நிறத்தைக் கீழே வைப்பது அந்தக் கூற்றிலிருந்து விலகும் முதல் வழி. வடக்கின் ஓவியர்களிடம் கறுப்பு மையும் பென்சிலும் மங்கிய ஒற்றை வண்ணமும் திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு வலுவான காரணம் என்றே நினைக்கிறேன்.

இந்த விலகல் எப்படி நடந்தது என்பதைத் தாமோதரம்பிள்ளை சனாதனனின் இரண்டு படைப்புகளை அருகருகே வைத்தால் காணலாம். 1969இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர் டில்லியில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றுபவர். 2004இல் ‘அகம் புறம்’ என்ற காட்சி, 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் திருத்திக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்தபோது, அவர் போர்க்காலத்துப் பொருள்களை வீடுவீடாகப் பெற்றுச் சேர்த்து ‘வரலாறுகளின் வரலாறு’ என்ற தலைப்பில் வைத்தார். அங்கே பொருள்கள் நிறைந்திருந்தன. சனம் தங்கள் பொருளையே பார்க்க வந்தது. ஏழு ஆண்டு கழித்து, 2011இல் வெளியான ‘முடிவுறாத தோம்பு’ என்ற நூல் வடிவப் படைப்பில் பொருள் ஒன்றுமில்லை. தோம்பு என்பது போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்து எழுதிய காணிப் பதிவேடு. யாருடைய நிலம், எத்தனை பரப்பு, என்ன வரி என்று அரசு எழுதிவைத்த கணக்கு. அந்தப் பெயரைக் கடன்வாங்கி, இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் இழந்த வீட்டின் படத்தை ஞாபகத்திலிருந்து கீறித்தரும்படி சனாதனன் கேட்டார். அந்தக் கைக்கீறலைக் கட்டடக் கலைஞரின் அளவுபடுத்திய நிலப்படம் தொடர்ந்தது. மூன்றாவதாக ஓவியரின் சொந்தச் சித்திரம் வந்தது. அவ்வளவுதான்: ஒரு நடுங்கிய கோடு, ஒரு நேர்க்கோடு, ஒரு படம், கூடவே சில வரிகளில் கதை.

இந்த மூன்றில் எது ஓவியம் என்று கேட்டால் பலர் மூன்றாவதைக் காட்டுவார்கள். எனக்கு முதலாவதுதான் படைப்பின் உயிர். வரையத் தெரியாதவர் வரைந்த அந்தக் கீறலில் அறைகளின் அளவு பிழைக்கும். அடுப்படி விறாந்தையைவிடப் பெரிதாகலாம். கிணறு வளவின் நடுவுக்கு வந்துவிடலாம். அந்தப் பிழைகள்தான் சான்று. மனம் எதைப் பெரிதாக வைத்திருக்கிறதோ அது தாளில் பெரிதாகிறது. கட்டடக் கலைஞரின் படம் அந்தப் பிழையைத் திருத்திவிடுகிறது, திருத்திய உடனே அது எல்லோருக்கும் பொதுவான வீடாகிவிடுகிறது. ஒரே வீடு இரண்டு தாளில், இரண்டு வகைக் கோட்டில்; இடையிலுள்ள வித்தியாசத்துக்குள்தான் இழப்பு இருக்கிறது. இதில் தீப்பிடித்த கூரையையோ குண்டு துளைத்த சுவரையோ வண்ணத்தில் தீட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வாசகரின் கண் சேதத்தில் நின்றுவிடும். வீடு எப்படி அழிந்தது என்பது தெரியும். வீடு எப்படி இருந்தது என்பது தெரியாமல் போகும். கிளிநொச்சிக்காரர் ஒருவர் இந்த நிலப்படங்களைப் பார்க்கும்போது இன்னொருவரின் வீட்டைப் பார்க்கிறார் என்று சொல்லிவிட முடியாது. வெறுமையாக விட்ட சதுரத்துக்குள் தன் சாமியறையை வைக்கிறார், வெறும் வட்டத்துக்குள் தன் கிணற்றை வைக்கிறார். 2004இல் பொருள்களைக் கொண்டுவந்து வைத்த ஓவியர், 2011இல் பொருள் வைக்கும் இடத்தை மட்டும் கோடிட்டுக் கொடுத்தார். முன்னதைவிடப் பின்னது அதிகம் பேரை உள்ளே விட்டது.

அடுத்த தலைமுறையில் ஜஸ்மின் நிலானி ஜோசப்பின் பேனைச் சித்திரங்கள் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகின்றன. 1990இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இடம்பெயர்வால் வவுனியாவில் வளர்ந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்றவர் அவர். வேலியை அவர் தன் முதன்மைப் பொருளாக எடுத்திருக்கிறார். வடக்கில் வேலி சாதாரணப் பொருளல்ல. பனையோலையோ கிடுகோ கட்டிய வேலி வீட்டின் மானம். கதியாலைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நட்டதற்காக அண்ணன் தம்பி வழக்காடிய கதைகள் எந்த ஊரிலும் உண்டு. அந்த வேலி தகரமானது, பிறகு முட்கம்பியானது, முகாமைச் சுற்றியபோது அடைப்பானது. இவ்வளவையும் மெல்லிய பேனைக் கோட்டில், தாளின் வெள்ளையைப் பெரும்பாலும் தொடாமல் சொல்வது ஒரு துணிவு. பேனையில் அழிக்க முடியாது, அடர்த்தி கூட்டி மறைக்கவும் முடியாது. கோடு எங்கே நின்றதோ அங்கே கை நின்றது தெரியும். இந்தியத் துணைக்கண்டத்தில் இப்படி வரைந்தவர்கள் இருவரை இங்கே நினைப்பது பொருந்தும். இருவரும் 1937இல் பிறந்த பெண்கள். நஸ்ரீன் மொஹமதி மையிலும் பென்சிலிலும் கோட்டைத் தவிர வேறெதுவும் இல்லாத நிலைக்குப் போனவர். அவர் கோடு எந்த ஊரையும் சுட்டுவதில்லை. அலிகாரில் பிறந்த சரினா ஹஷ்மி மரச்செதுக்கு அச்சில் கறுப்பும் கைத்தாளின் வெள்ளையும் கொண்டு, தான் வாழ்ந்த வீடுகளின் நிலப்படங்களை வரைந்தவர். 2001இல் அவர் அச்சிட்ட ‘பிரிக்கும் கோடு’ இந்திய பாகிஸ்தான் எல்லையை ஒற்றைக் கறுப்பு வெட்டாக்கியது. ஜஸ்மினின் கோடு சரினாவுக்குக் கிட்ட நிற்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சரினாவின் எல்லைக்கோடு வரைபடத்திலிருந்து எடுத்தது, மேலிருந்து பார்ப்பது. வேலியை மேலிருந்து யாரும் பார்ப்பதில்லை. அதற்கு முன்னால்தான் நிற்க முடியும்.

இவ்வளவும் கடன்வாங்கிய அழகியல்தானே என்ற மறுப்பை இப்போது எடுத்துக்கொள்ளலாம். குறைத்தல் என்ற கொள்கை நியூயோர்க்கில் விளைந்தது, டில்லிவழியாகவும் கொழும்புவழியாகவும் வடக்குக்கு வந்தது, வன்னி மண்ணுக்கு அது ஒட்டாது என்பது அந்த மறுப்பு. வந்த வழி உண்மைதான். அதை மறைக்கத் தேவையில்லை. டில்லியில் பயின்ற ஓவியர் உலக ஓவியத்தை அறியாமல் இருக்க வழியில்லை, அறிந்ததில் குற்றமும் இல்லை. ஆனால் ஒரு முறை எங்கிருந்து வந்தது என்பது அது இங்கே என்ன செய்கிறது என்பதைத் தீர்மானிக்காது. தமிழ்நாட்டைப் பாருங்கள். 1969இல் காந்தி நூற்றாண்டுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் காந்தியைத் தொடராக வரைந்த கே. எம். ஆதிமூலம் பின்னாளில் கோட்டையே விட்டு, பெரும் வண்ணப் பரப்புகளுக்குப் போனார். கேரளத்துக் கூடல்லூரில் பிறந்து சென்னையில் வாழ்ந்து 2022இல் மறைந்த அச்சுதன் கூடல்லூர் உருவம் எல்லாவற்றையும் கழித்து நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அவர்களும் குறைத்தார்கள். ஆனால் குறைக்கும்போது எஞ்சியது நிறம். அதுவும் ததும்பி நின்றது. வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் வரைந்தவர்களிடம் எஞ்சியது கோடு. இரு கரையிலும் ஒரே மொழி, ஒரே உலக ஓவிய அறிவு, ஆனால் எதைக் கீழே வைப்பது என்பதில் நேரெதிர் முடிவு. இறக்குமதிப் பாணி என்றால் இரண்டு இடத்திலும் ஒரே சரக்கு இறங்கியிருக்கவேண்டும்.

சிறிதைக் கொண்டு பெரிதைச் சுட்டும் பழக்கம் வன்னிச் சனத்துக்குப் புதிதுமல்ல. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் எடுக்கும் உப்புநீரில் விளக்கு எரிப்பது மரபு. அந்தத் திரியைப் பார்க்க வருவோருக்கு மேலதிகச் சோடனை வேண்டியதில்லை. அதைவிட நெருக்கமான சான்று முள்ளிவாய்க்கால் கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு. சிரட்டையில் ஒரு வாய். 2009இல் குண்டுமழைக்குள் வரிசையில் நின்று வாங்கிய உணவு, இன்று மே மாதம்தோறும் தெருவோரத்தில் காய்ச்சிக் கொடுக்கப்படுகிறது. அதில் படமும் இல்லை, பாட்டும் இல்லை. எந்த நினைவுத்தூணும் சொல்லாததை அந்தச் சிரட்டை சொல்கிறது, ஏனென்றால் வாங்குபவருக்கு மிச்சம் தெரியும். இதை ஓவியர்கள் பார்த்துக் கற்றார்கள் என்று நான் சொல்லவரவில்லை. இப்படிப்பட்ட அடையாளத்தை உருவாக்கிக்கொண்ட சனத்துக்கு நான்கு கோட்டால் ஆன வீட்டைப் படிக்க யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு கனமானது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர்போராட்டத்தில் அமர்ந்தார்கள். சில நாள்களில் வவுனியாவும், பின்னர் முல்லைத்தீவும் சேர்ந்தன. அவர்கள் கையில் இருந்தது புகைப்படம். பெயர், முகம், கையளித்த இடம், நாள். முகத்தை மறக்கச் சொல்லும் அதிகாரத்துக்கு எதிராக முகத்தையே தூக்கிப் பிடித்தார்கள். அப்படியிருக்க, முகத்தை எடுத்துவிட்டு வேலியையும் நிலப்படத்தையும் வரையும் ஓவியம் யாருக்குத் துணைபோகிறது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கூட்டிச் சொல்லவேண்டிய காலத்தில் குறைத்துச் சொல்வது பயத்தின் வேடமாகவும் இருக்கலாம். காட்சிக்கூடத்தின் வாடிக்கையாளருக்கு உறுத்தாமல் போரை விற்கும் வழியாகவும் ஆகலாம். அப்படிப்பட்ட படங்கள் இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் புகைப்படத்தின் வேலையை ஓவியம் செய்யவில்லை என்று குறைகூறுவது, கத்தரிக்கோல் ஊசியின் வேலையைச் செய்யவில்லை என்பது போலத்தான். தாயின் கையிலுள்ள படம் ‘இவன் எங்கே’ என்று அரசைக் கேட்கிறது. அதற்கு ஒரு விடைதான் உண்டு, அதை ஓவியர் தரமுடியாது. அந்த முகத்தை வண்ணத்தில் தீட்டிச் சுவரில் மாட்டினால் கேள்வி அழகுப்பொருளாகிவிடும் ஆபத்து அதிகம். ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் இதே இக்கட்டில் நின்றவர். 1944இல் பிர்கெனௌ வதைமுகாமில் கைதிகளே இரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்களை அவர் முதலில் துணியில் அப்படியே வரைந்தார், பிறகு அவற்றின்மேல் அடுக்கடுக்காக வண்ணம் இழுத்து 2014இல் முற்றிலும் மறைத்துவிட்டார். பிற்காலக் காட்சிகளில் அந்தப் புகைப்படங்களின் பிரதிகளையும் அருகில் வைத்தார். சான்று தன் இடத்தில் இருக்கட்டும், ஓவியம் அதற்குப் பதிலாளாக நிற்காது என்ற முடிவு அது. எனக்கு அது நேர்மையான முடிவாகவே படுகிறது.

குறைத்துச் சொல்வது பாதுகாப்பான வழி என்ற எண்ணத்தையும் இங்கே திருத்தவேண்டும். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காக ஆள்களைப் பொலிசார் கைதுசெய்தார்கள். அரிசியும் உப்பும் தண்ணீரும்தான். கொடியில்லாத, படமில்லாத, நிறமே இல்லாத ஒரு அடையாளத்தை அதிகாரம் தடுமாறாமல் படித்தது. மிகக் குறைந்ததும் உரக்கப் பேசும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

குறைத்தல் தன்னளவில் பணிவானது, நல்லது என்று முடிவுகட்டினால் அதுவும் பிழை. இந்தக் கட்டுரையின் வாதத்துக்கே அது எதிரானது. கிளிநொச்சி நகருக்குள் ஏ9 வீதியோரம் நிற்கும் போர்வெற்றிச் சின்னத்தைப் பார்க்கவேண்டும். சாம்பல்நிறத்தில் ஒரு பெரிய கொங்கிரீற்றுக் கட்டை. அதைத் துளைத்துநிற்கும் எறிகணை. துளையிலிருந்து ஓடும் வெடிப்பு. உச்சியில் ஒரு தாமரை. வடிவம் என்று பார்த்தால் நியூயோர்க்கின் சிற்பிகள் 1960களில் செய்த கனசதுரங்களின் உறவுதான். முகமில்லை, சிப்பாயில்லை. புதுக்குடியிருப்பில் துவக்கும் கொடியும் ஏந்திய சிப்பாய்ச் சிலையோடு ஒப்பிட்டால் நவீனமானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது பார்ப்பவருக்கு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கட்டை எது, துளைத்தது எது, மலர்ந்தது யாருக்கு என்று எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஊர்க்காரர் தன்னை எங்கே வைத்துக்கொள்வது என்று தேடினால் உடைந்த கட்டைக்குள் மட்டும்தான் இடம். மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். போர்க்காலத்தில் வன்னியில் இருந்த விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலுமில்லங்களும் ஒரே அளவு, ஒரே வடிவக் கற்களைத் திருப்பித் திருப்பி அடுக்கிய வெளிகள்தான். அந்தச் சமவரிசை பெற்றோருக்கு ஆறுதல் தந்தது. 2009க்குப் பின் இயந்திரம் விட்டு இடித்தபோது அவர்களுக்கு அது பிள்ளைகளை இன்னொருமுறை இழந்ததுபோலத்தான். எனினும் அந்த ஒழுங்கும் ஒரு இயக்கத்தின் ஒழுங்கு. ஒவ்வொருவருடைய தனிக்கதையையும் ஒரே வாக்கியமாக்கிய ஒழுங்கு. ஆகக் குறைத்தலை அரசும் பயன்படுத்தியது, அரசை எதிர்த்தவர்களும் பயன்படுத்தினார்கள், ஓவியரும் பயன்படுத்துகிறார். தோம்பின் கைக்கீறலையும் பேனையில் வரைந்த வேலியையும் இவற்றிலிருந்து பிரிப்பது ஒன்றுதான்: கட்டை தன் பொருளை முடித்துவைத்துவிட்டு வணங்கச் சொல்கிறது, கீறல் பொருளை முடிக்காமல் எங்கள் கையில் தருகிறது. சனாதனன் தன் தோம்புக்கு ‘முடிவுறாத’ என்று அடைகொடுத்ததை நான் வெறும் தலைப்பாக எடுப்பதில்லை. அதுவே அந்தப் படைப்பின் செய்முறை.

கடைசி மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. இந்த ஓவியங்கள் வன்னிச் சனம் நிரப்புவதற்காக இடம்விட்டவை என்றால், அந்தச் சனத்தின் கண்முன் அவை எப்போது வந்தன? பெரும்பாலும் கொழும்பிலும் வெளிநாட்டிலும்தான் தொங்குகின்றன. 2019 டிசம்பரில் கொழும்பில் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தன் முதற்காட்சியிலிருந்தே மூன்று மொழியிலும் குறிப்பு எழுதி வைப்பது நல்ல காரியம். ஆனால் முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் ஒரு இரவுப் பயணமும் போகும். வெள்ளைத் தாளைக் கொழும்பில் பார்ப்பவர் அழகான அமைதியைக் காண்கிறார். இலண்டனில் பார்ப்பவர் உயர்ந்த நுட்பத்தைக் காண்கிறார். செத்த வீட்டு வெள்ளையையும் கூடார வெள்ளையையும் காணக்கூடியவர் அந்தத் தாளைக் காண்பதே இல்லை. இது ஓவியர்களின் குற்றமல்ல. ஆனாலும் இந்தக் கலையின் குறை அதுதான், அதுவும் சிறு குறையல்ல. பார்வையாளரை நம்பி அரைவாசியை விட்டுவைத்த படத்துக்கு அந்தப் பார்வையாளர் கிடைக்காவிட்டால், அது அரைப்படமாகவே நிற்கும். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில், தோம்பின் பக்கங்களை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெறுந்தாளும் பென்சிலும் வைத்தால் அந்தப் படைப்பு எங்கே போய்முடியும் என்பதைக் கொழும்பின் எந்தச் சுவரும் சொல்லித்தர முடியாது.

ஏனென்றால் இந்த நிலத்தில் கோட்டைப் படிக்கும் கண் ஏற்கெனவே இருக்கிறது. 2017 ஜனவரி 31ஆம் திகதி கேப்பாப்புலவைச் சேர்ந்த பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வேலிக்கு வெளியே போய் அமர்ந்தார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் அவர்கள் காணி, அவர்கள் வளவு. இரவும் பகலும், குழந்தைகளோடு, தறப்பாளின் கீழ் ஒரு மாதம் இருந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி காணி விடப்பட்டு உள்ளே போனார்கள். அந்த ஒரு மாதம் முழுவதும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கம்பிக் கோட்டைத்தான். அதன் ஒவ்வொரு முடிச்சும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கதியால் எங்கே நின்றது, கம்பி எங்கே புதிதாக வந்தது என்பதும் தெரிந்திருக்கும். கதியால் வெட்டி நட்டால் தளிர்க்கும். ஆளில்லாத ஆண்டுகளில் மரமாகிவிடும், எல்லையைக் காட்டிக்கொண்டே. வெள்ளைத் தாளில் பேனையால் வரைந்த ஒரு வேலியை அவர்கள் முன் வைத்தால், இது என்ன பாணி என்று கேட்கமாட்டார்கள். தாங்கள் வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.